விசேஷம் ஏதும் உண்டா?

எட்டு வருடமாக ஒரே முனைவர் பட்ட ஆய்வு. மெக்ஸிகோ, கொலம்பியாப் பெண்களோடு ஒப்பிட்டால் திண்டுக்கல் பக்கத்துப் பெண்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஊரார் மகிழ்ச்சியை அளந்து அளந்து எனக்குச் சலித்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

ஸ்பானிய மொழிக் கேள்வித்தாளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கியது நான்தான். ஏழாம் கேள்வியில்தான் நம்மவர்கள் கவிழ்ந்தார்கள். அங்கே பத்துக்கு எட்டுப் பேர் ‘ஆம்’ என்றிருந்தார்கள். இங்கே அதுவரை கேட்ட நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரில் பன்னிரண்டே பேர்.

“நம்ம ஊர்ல அம்புட்டு வேதனை தீபா. இதுதான் உங்க கண்டுபிடிப்பு” என்று என் கைடு முத்துக்கிருஷ்ணன் சார் பூரித்துப்போனார்.

கடைசி ஆள் பேச்சாயி. நத்தம் பக்கம் மாந்தோப்பில் வேலை செய்கிறவர். மரத்தடியில் உட்கார்ந்து, வழக்கம்போல் தாளைப் பார்த்தே ஏழாம் கேள்வியைப் படித்தேன்.

“கடந்த ஓராண்டில் உங்களுக்கு விசேஷம் ஏதும் உண்டா?”

பேச்சாயி விழுந்து விழுந்து சிரித்தார். “ஏத்தா, அறுவத்திமூணு வயசுல எனக்கு என்னத்த விசேஷம்? என் மருமக மூணு மாசம், அவளக் கேளு.”

பேனா நின்றுவிட்டது. நல்ல காரியம் ஏதும் நடந்ததா என்று கேட்பதாக நினைத்து நான் போட்ட வார்த்தை அது. கல்யாணமான பெண்ணிடம் விசேஷம் உண்டா என்றால், உண்டாகியிருக்கிறாயா என்றுதான் அர்த்தம். இருநூறு தடவை வாய்விட்டுப் படித்த எனக்கு மட்டும் அது காதில் விழவில்லை.

சாருக்குப் போன் போட்டுத் தப்பைச் சொன்னேன்.

“ஒரு கேள்விதானே, யாரு பாக்கப் போறா? அப்படியே குடுத்துருங்க.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் பேச்சாயியின் தாளைக் கட்டுக்குள் செருகும்போது நாற்பத்து மூன்றாம் தாள் நழுவி மடியில் விழுந்தது. சுகன்யா, கொடைரோடு, கல்யாணமாகி ஆறு வருடம். கீழே என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘ஏழாம் கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். ஒத்துழைப்பு இல்லை.’ அன்று அவள் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் முன்னால் வைத்துத்தான் கேட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமையாவது மண்ணாங்கட்டியாவது என்று திண்டுக்கல்லில் இறங்கி கொடைரோடு பஸ் ஏறினேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன்.

கதவைத் திறந்தது சுகன்யாதான். என்னைக் கண்டதும் முகம் சுண்டிப்போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

“இன்னும் இல்லக்கா.”