ஸரூக் நானா விழுந்த சரிவு

ஸரூக் நானா விழுந்தபோது நிரோஜன் அவருக்கு மேலே, வெகு உயரத்தில் பறந்துகொண்டிருந்தான்.

பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அப்புத்தளை மலைமுகட்டின் தென்பக்கத்தில் வெயில் ஏறியிருந்தது. தேயிலைச் சரிவு சூடாகி, காற்று கீழேயிருந்து எழும் நேரம். பராகிளைடரில் பறப்பவர்கள் காத்திருப்பது அந்தக் காற்றுக்காகத்தான். எஞ்சின் எதுவும் கிடையாது. தலைக்கு மேலே விரியும் துணிச் சிறகு, அதிலிருந்து இறங்கும் மெல்லிய கயிறுகள், உட்கார ஓர் இருக்கை, அவ்வளவுதான். எழும் காற்று அகப்பட்டால் பருந்தைப் போல வட்டமிட்டு உயரப் போகலாம்.

ஸரூக் நானாவுக்குப் பண்டாரவளையில் இரும்புக் கடை. அண்ணன் என்ற பொருளில் ஊரார் அவரை நானா என்றார்கள். நிரோஜன் யாழ்ப்பாணத்துக்காரன், பதுளையில் பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியன். ஒருமுறை ஆணி வாங்கப் போனவன், கடைச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். பச்சை மலைக்கு மேலே சிவப்புச் சிறகு, அதன் கீழே ஒரு மனிதர்.

"இது ஆர்?"

"நான்தான்" என்றார் கடைக்காரர், ஆணியை நிறுத்துக்கொண்டே.

"பயமில்லையோ?"

"பயம் ஈக்கி. அதனாலதான் கவனமா ஈக்கிறேன்." இருக்கு என்பது அவர் வாயில் ஈக்கி என்றுதான் வரும்.

அடுத்த மாதமே தியத்தலாவைப் புல்வெளியில், பருவத்துக்கு வந்துபோகும் ஒரு வெள்ளைக்கார ஆசிரியரிடம் நிரோஜனைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர்தான். அங்கே பறந்தவர்களுக்குள் தமிழ் பேசுகிறவர்கள் இவர்கள் இருவர் மட்டும். அதனால் வானத்தில் றேடியோ வழியே இருவருக்கும் தமிழில் பேச்சு நடக்கும். "தம்பி, கொக்கு மாதிரித் தொங்காம கால நீட்டி உக்காருங்க" என்று ஸரூக் நானா சொல்வார். நிரோஜன் சிரித்துச் சிரித்துத் திசை தவறியதும் உண்டு.

இருவரில் அவசரக்காரன் நிரோஜன்தான். ஸரூக் நானா சிறகை விரித்துவிட்டு ஒவ்வொரு கயிற்றையும் விரலால் தடவிப் பார்ப்பார். காற்றில் சிறு சந்தேகம் வந்தாலும் எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, கொண்டுவந்த, மீன் அடைத்த மாலு பணிஸை எல்லோருக்கும் பங்கு போடுவார். "மலை எங்கயும் போகாது. அடுத்த கெழமையும் ஈக்கும்" என்பார்.

அன்று காற்றில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள். நிரோஜனை ஒரு பலத்த காற்று பிடித்து உயர்த்தியது. கீழே திரும்பிப் பார்த்தபோது ஸரூக் நானாவின் சிவப்புச் சிறகு சரிவை ஒட்டி அமைதியாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று அதன் இடப்பக்கம் மடிந்தது. அவர் அதைத் திறந்துவிட்டார். அதற்குள் வலப்பக்கம் முழுவதும் மூடிக்கொண்டு சிறகு சுழலத் தொடங்கியது. அவசரப் பரசூட்டை அவர் வீசியதையும் நிரோஜன் கண்டான். அந்த வெள்ளைத் துணி விரியாமல், சுழன்ற கயிறுகளுக்குள் போய்ச் சிக்கியது. பிறகு சிவப்பும் வெள்ளையுமாக ஒரு முடிச்சு தேயிலைக்குள் போய் விழுந்தது. சத்தம் எதுவும் மேலே எட்டவில்லை.

"நானா! கேக்குதோ? நானா!"

றேடியோ இரைந்தது. மலைமுகட்டில் நின்ற சிங்கள நண்பர்களின் குரல்கள் வந்தன. அம்புலன்சுக்கு அழைத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஸரூக் நானாவின் குரல் வரவில்லை.

நிரோஜன் இறங்கப் பார்த்தான். முடியவில்லை. சரிவு முழுவதும் காற்று எழுந்துகொண்டிருந்தது. சிறகின் இரு ஓரங்களையும் இழுத்து மடித்தான். அப்போதும் அவன் உயர்ந்துகொண்டேதான் போனான். நண்பர் விழுந்த இடம் நேர் கீழே தெரிந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளோடு அந்தச் சிவப்பை நோக்கி ஓடுவது தெரிந்தது. அவர்கள் ஓட ஓட அவன் அவர்களை விட்டு மேலே போனான். வேகமாகச் சுழன்று இறங்க முயன்றபோது அவனுடைய சிறகும் படபடத்தது. ஸரூக் நானாவைக் கவிழ்த்த அதே காற்று.

கடைசியில் மலையை விட்டு விலகி, வெறும் வெளிக்கு மேலே பறந்துபோய்த்தான் அவனால் இறங்க முடிந்தது. நண்பருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனான். தோட்டப் பாடசாலை மைதானத்தில் கால் பட்டதும் சிறகைச் சுருட்டாமல் அப்படியே போட்டுவிட்டு வீதிக்கு ஓடினான். ஓட்டோ ஒன்று அகப்பட்டது. அதற்குமேல் வண்டி ஏறாத இடத்திலிருந்து தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினான்.

வயதான ஒரு பெண் தேயிலைக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மடியில் ஸரூக் நானாவின் தலை இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல், தாடையை மட்டும் உள்ளங்கையில் தாங்கியிருந்தாள்.

"இப்பதாங்க ஐயா, மூச்சு நின்னுபோச்சு" என்றாள்.

நிரோஜன் மண்டியிட்டு மார்பை அழுத்தினான். பழகிய முறைப்படி அழுத்தி, ஊதி, மறுபடி அழுத்தினான். அம்புலன்சில் வந்தவர் தோளைத் தொட்டு நிறுத்தும்வரை அழுத்திக்கொண்டே இருந்தான். அதன்பின் தோட்டத்து ஆட்கள் நால்வர், பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குகளை ஒன்றாக முடிந்து, அதில் அவரைக் கிடத்தி வீதிக்குச் சுமந்தார்கள். நிரோஜனும் ஒரு முனையைப் பிடித்தான். கால் இடறியதும் யாரோ அதை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் பிரேத அறைக்கு வெளியே ஸரூக் நானாவின் மைத்துனன் மிப்ரான் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"சேர், நீங்க இந்த ஊர்ல படிச்சுக் குடுக்கிறவங்க. தெரிஞ்ச டொக்டர் யாராச்சும் இல்லயா? இன்னைக்கே அடக்கணும். மையத்த இப்பிடி வச்சுக்கிட்டு ஈக்கேலாது. தாத்தா அங்க பாத்துக்கிட்டு ஈக்கிறா."

மிப்ரான் தாத்தா என்றது தன் அக்காவை, ஸரூக் நானாவின் மனைவி காமிலாவை. நிரோஜன் தன்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பனான டொக்டரை அழைத்தான். அவர் பொறுமையாகக் கேட்டார். விபத்து மரணம் என்றால் விசாரணை நடக்காமல் உடலைத் தர முடியாது, நாளைக் காலைதான் என்றார். அவர் சொன்னது சரி. சரியான அந்தப் பதிலை மிப்ரானிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிரோஜன் போனைக் காதில் வைத்தபடியே நின்றான்.

மறுநாள் விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். எந்த உயரம், எவ்வளவு தூரம், காற்று எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, "அந்த நேரம் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றார்.

"பாத்துக்கொண்டிருந்தன்" என்றான் நிரோஜன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வேறை ஒண்டும் செய்யேலாமல் போச்சு, சேர்."

ஜனாஸா நல்லடக்கம் பண்டாரவளையில். பள்ளிவாசலுக்கு வெளியே நின்று, பிறகு ஆண்களோடு மையவாடிக்கு நடந்தான். அவன் முறை வந்தபோது அவனும் மண் அள்ளிப் போட்டான். பின்னால் யாரோ மெல்லச் சொல்வது கேட்டது: "இந்த வாத்தியாரோட சேந்துதான் இந்த வேலைக்கெல்லாம் போனது." தன்னை அழைத்துப்போனவர் ஸரூக் நானாதான் என்று திரும்பிச் சொல்லியிருக்கலாம். குழிக்குள் கிடப்பவர் மேல் அதைப் போட அவனுக்கு மனம் வரவில்லை.

அவர் கவனமில்லாத மனிதராக இருந்திருந்தால் காரணமென்று ஒன்றைப் பிடித்துக்கொண்டாவது நிற்கலாம். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்று காற்றழுத்தத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய நிரோஜன் சோக்கட்டியைக் கீழே வைத்தான். பிள்ளைகள் காத்திருந்தார்கள். புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலருகே போய் நின்றான்.

கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலத்தில் காமிலா இருந்தார். நிரோஜனால் போய்ப் பார்க்கவும் இயலாது. ஒருநாள் அவரே போனில் அழைத்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கணும். மறைக்காமச் சொல்லுங்க. அவர் தனியவா மௌத்தாகினது?"

"இல்லை அக்கா. கொழுந்து பறிக்கிற ஓர் அம்மா பக்கத்திலை இருந்தவ. தலையை மடியிலை வச்சிருந்தவ."



"அவங்க பேரென்ன?"

"நான் கேக்கேல்லை அக்கா."

"இத்தா முடிஞ்சதும் என்னை அங்க கூட்டிட்டுப் போங்க தம்பி. அவங்களப் பாக்கணும்."

அவர்கள் போனபோது ஆனி மாதம் பிறந்துவிட்டது. தென்மேற்குக் காற்று மலைமுகட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் யாரும் பறப்பதில்லை. மிப்ரான் வேன் ஓட்டினான். காமிலா பின் இருக்கையில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கு ஒரு சேலையும் கொஞ்சம் இனிப்பும் வாங்கியிருந்தார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் விசாரித்ததும் உடனே தெரிந்தது. "பெரியாயி அக்காவா? மலைக்குப் போயிருக்குங்க" என்று ஒரு பெண் அந்தச் சரிவையே காட்டினாள். கங்காணியிடம் சொல்லி அழைத்துவந்தார்கள். பெரியாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் படங்கில் துடைத்துக்கொண்டு வந்தாள். காமிலாவைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"அந்தய்யா வீட்டம்மாங்களா?"

காமிலா தலையசைத்தார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இடத்தைக் காட்டச் சொன்னார் காமிலா. பெரியாயி காட்டினாள். அங்கே ஒன்றுமில்லை. முறிந்த செடிகள்கூடத் துளிர்த்துவிட்டிருந்தன.

"ரொம்ப நேரம் கஷ்டப்பட்டாரா?"

"இல்லம்மா. வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லலீங்க. தண்ணி கேட்டாரு, ஒதட்ட நனைச்சு விட்டேன். அப்புறம் மேல பாத்தாரு. இன்னொரு தம்பி மேல இருக்காரு, அவரு எறங்கிட்டாரான்னு கேட்டாரு. நான் எங்கம்மா கண்டேன்? எறங்கிட்டாருங்கய்யான்னு சொன்னேன். அப்பிடியான்னாரு. அதோட கண்ண மூடிட்டாரு."

அந்த நேரத்தில் நிரோஜன் மேலே, இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தான். தேயிலைச் செடியொன்றைப் பிடித்துக்கொண்டான்.

காமிலா அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"இவரத்தான் கேட்டாரா?" என்றார் மெல்ல. "வேற ஒண்டும் சொல்லலயா?"

காற்று அவருடைய முக்காட்டை இழுத்தது. பெரியாயி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நிரோஜனைப் பார்த்தாள். தான் சொன்னது எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"ஒங்களயும் சொன்னாரும்மா" என்றாள். "வீட்டுலன்னு என்னமோ சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"அது… சரியா வெளங்கலம்மா. கொரல் தாழ்ந்துபோச்சு."

காமிலா அவளுடைய கையை மறுபடி பிடித்துக்கொண்டார். "பரவாயில்லம்மா" என்றார். "நீங்க பக்கத்துல இருந்தீங்களே. அதுவே போதும். அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும்."

பையை அவள் கையில் கொடுத்தார். பெரியாயி வேண்டாமென்று மறுத்து, பின் வாங்கிக்கொண்டாள். மேலேயிருந்து கங்காணி குரல் கொடுத்தார்; கொழுந்து நிறுக்கும் நேரமாகியிருந்தது. அவள் கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு போனாள். இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் நிரோஜனுக்குப் பேச வேண்டும் போலிருந்தது. அக்கா, அவர் உங்களைத்தான் நினைச்சிருப்பார் என்று சொல்லலாம். ஆனால் ஸரூக் நானா கடைசியாகக் கேட்டது தன்னைத்தான் என்பதை அவனும் கேட்டாயிற்று, காமிலாவும் கேட்டாயிற்று. என்ன சொன்னாலும் அவரிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டவன் பேசுவதாகவே இருக்கும். அவனுக்கு அது பாரமாகவும் இருந்தது. ஒரு மூலையில் ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலை நினைக்க வெட்கமாக இருந்தது.

அப்புத்தளைக்குக் கீழே ஒரு வளைவில் பின்னாலிருந்து சத்தம் வந்தது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தார்கள். பிறகு அது பெரிதாகியது. ஜனாஸா அன்றும் காமிலா சத்தம் போட்டு அழவில்லை என்று மிப்ரான் சொல்லியிருந்தான். இப்போது அவர் முன் இருக்கையில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார்.

மிப்ரான் ஓரமாக வேனை நிறுத்தினான். "தாத்தா… தாத்தா…" என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் திறந்து இறங்கினான். நிரோஜனும் இறங்கினான். பனிமூட்டத்துக்குள் லொறிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன.

வளைவில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. மிப்ரான் போய் மூன்று பிளேன்டீ வாங்கிவந்தான்.

"நீங்க குடுங்க சேர்" என்றான்.

"நீர் தம்பியெல்லோ. நீர் குடும்" என்றான் நிரோஜன்.

யாரும் கதவைத் திறக்கவில்லை. சூடான கோப்பைகளை மாற்றி மாற்றிப் பிடித்தபடி, உள்ளே அழுகை குறையுமென்று காத்துக்கொண்டு, இருவரும் வேனுக்கு வெளியே காற்றில் நின்றார்கள். அது குறையவில்லை.