வரிசையில் அறுபத்திரண்டு

சேர்மனுக்குச் சேர்மன் என்று பெயர் வைத்தவர் சேர்மனேதான். விசிட்டிங் கார்டில் அப்படிப் போட்டிருந்தது. அவருடைய பசுமை ஆற்றல் குழுமத்தின் உலகத் தலைமையகம் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது: ஒரு மேஜை, ஒன்றரை நாற்காலி. குழுமம் இதுவரை ஒரு பல்பைக்கூட எரிய விட்டதில்லை. மேடைகளில் மட்டும் இருளை விரட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய தங்கை கணவருக்கு மேடை வராது, வெல்டிங் வரும். பட்டறையை விற்றுவிட்டு, சொந்த நிலத்தில் இரும்புக்கால் நட்டு, வரிசை வரிசையாகச் சோலார் பேனல் மாட்டிவிட்டார். வெயில் தயார், பேனல் தயார். மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றத்தான் வழியில்லை. துணை மின் நிலையத்தில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம்; வரிசைப்படிதான் தருவார்கள். மாப்பிள்ளையின் எண் அறுபத்து மூன்று. அவருக்கு முன்னால் நின்ற எல்லாரும் ஏறிவிட்டார்கள், அல்லது இறங்கிவிட்டார்கள். அறுபத்திரண்டு மட்டும் கட்டவும் இல்லை, விலகவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவகாசம் கேட்டுக் கடிதம் போட்டுக்கொண்டு நாலு வருடமாகக் குந்தியிருந்தது. அலுவலகப் பட்டியலில் எண் இருக்கும், பெயர் இருக்காது.

மாப்பிள்ளையின் கட்டுமான அனுமதிக்கு இந்த மாதத்தோடு கெடு. அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

"எவன் மச்சான் அந்த அறுபத்திரண்டு?" என்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வாராவாரம் கேட்பார்.

"எவனோ கழிசடை. பஸ்ல துண்டைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருக்கான்" என்பார் சேர்மன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நாலு வருஷமாவா? தேயிலை நட்டு வளர்க்கிறானோ என்னவோ" என்பாள் தங்கை.

துண்டு சேர்மனுடையது.

நாலு வருடத்துக்கு முன், "எனக்கு இந்தப் படிவமெல்லாம் புரியாது மச்சான்" என்று மாப்பிள்ளை நிலப் பத்திரங்களை அவர் கையில் கொடுத்திருந்தார். பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை. அதே பத்திரத்துக்கு இன்னொரு நகல் எடுத்து, புதிதாக ஒரு கம்பெனிப் பெயர் போட்டு, கவுன்டரில் முதலில் தன்னுடையதை நீட்டினார். பிறகுதான் மாப்பிள்ளையுடையது. இடத்தைப் பிடித்து வைத்தால் அவசரக்காரன் எவனாவது வாங்கிக்கொள்வான் என்று கணக்கு. எவனும் வரவில்லை. விலகலாம் என்று பலமுறை நினைத்தார். விலகினால் விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று அவகாசம் கேட்டார். போன வாரம் வந்த நில ஆய்வுக் கடிதத்துக்கும் கைப்பழக்கத்தில் அவகாசம் கேட்டே பதில் போட்டார்.

மின்வாரிய இன்ஜினியரம்மா அதைப் படிக்காமலே ஆய்வுக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளையின் நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். நாலு வார்த்தை பேசுவதற்காக அழைக்கப்பட்டிருந்த சேர்மன் கோட்டோடு வேர்த்துக்கொண்டு நின்றார்.

"அறுபத்து மூணு பார்த்தாச்சு. அறுபத்திரண்டு எங்க?"

"அதைத்தான் மேடம் நாங்களும் தேடுறோம்" என்றார் மாப்பிள்ளை.

இன்ஜினியரம்மா கோப்பைப் புரட்டினார். "இங்கதாங்க போட்டிருக்கு. இதே நிலம், இதே பத்திரம்."

"எங்க நிலத்துல எங்களையும் எங்க நாயையும் தவிர யாருக்கும் பங்கு இல்லையே!" என்றாள் தங்கை.

"அப்போ யாரோ உங்க பத்திரத்தைக் காட்டி ஏமாத்தியிருக்காங்க. புகார் எழுதிக் கொடுங்க. விசாரிச்சு முடிக்க மூணு மாசம் ஆகும். அந்த ஆளே விலகறேன்னு எழுதிக் கொடுத்தா இன்னிக்கே உங்க நம்பர் முன்னால வந்துடும். அவரு எங்க கொடுக்கப் போறாரு?"

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போனது. இருந்தாலும் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். "நீங்களே எழுதுங்க மச்சான். உங்களுக்குத்தான் இதெல்லாம் தண்ணி பட்ட பாடு."

சேர்மன் கேபிள் உருளை ஒன்றின் மேல் உட்கார்ந்தார். 'ஐயா, அறுபத்திரண்டாம் எண் விண்ணப்பதாரர் ஒரு' என்பது வரை பேனா ஓடியது. அப்புறம் நின்றுவிட்டது.

தங்கை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "கழிசடைன்னு போடுண்ணா. நீ எப்பவும் சொல்றதுதானே."

அவர் அந்தத் தாளைக் கிழித்தார். அடுத்த தாளில், வாழ்க்கையில் முதல்முறையாக அடைமொழி எதுவும் இல்லாமல், ஒரே வரி எழுதினார்: 'அறுபத்திரண்டாம் எண்ணிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்து. பாதித் தாளை அடைக்கும் அந்தச் சுழிப்பு உலகத்தில் வேறு யாருக்கும் வராது. இன்ஜினியரம்மா கோப்பிலிருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, "சரியா இருக்கு" என்று முத்திரை குத்தினார்.

மாப்பிள்ளை அந்த ஒரு வரியை உதடு அசைய இரண்டு முறை படித்தார். கத்துவார் என்று சேர்மன் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை; தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

"அவகாசம் கேட்ட லெட்டர் எல்லாம் நீங்க எழுதினதுதானா?"

"ம்."

"எத்தனை?"

"எட்டு."

தங்கை கிழித்துப் போட்ட தாளைப் பொறுக்கி, நீவி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த நகலை யார்கிட்ட கொடுக்கறது?" என்றார் இன்ஜினியரம்மா.

மாப்பிள்ளை ஒரு பேனலைத் துணியால் துடைக்க ஆரம்பித்திருந்தார். திரும்பாமலே சொன்னார்: "சார்கிட்ட கொடுத்துடுங்க."