ஐம்பத்தெட்டு நொடி

"பச்சை எரியுதுல்ல? அப்புறம் என்னம்மா?"

"ரெண்டு கன்ட்ரோலரும் ஒண்ணுகிட்ட ஒண்ணு நேரம் கேட்டுக்குது சார். அதான் பச்சை," என்றாள் அவள்.

சூப்பர்வைசர் பச்சை விளக்குகள் எரிந்த திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. கடிகாரம் என்றால் முன்னே பின்னேதான் இருக்கும், தன் வீட்டுக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது, அதனால் யாராவது செத்தா போனார்கள் என்று சிரித்தார்.

தொழிற்சாலை முழுவதற்கும் நேரம் சொல்லிக்கொண்டிருந்த தலைமைக் கடிகாரத்தைப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் பழுதென்று கழற்றினார்கள். உலைக்குள் காற்றடிக்கும் புளோயரின் கன்ட்ரோலரை பேக்கிங் பிரிவின் கன்ட்ரோலரிடம் நேரம் கேட்கும்படி அன்று காலை அமைத்தவள் அவள்தான். மதியம், காலையில் செய்ததை மறந்து, பேக்கிங் கன்ட்ரோலரை புளோயரிடம் கேட்க வைத்தவளும் அவள்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லும் பொய்சாட்சிகளைப் போல இரண்டும் ஒத்துப்போயின. நாளுக்கு ஏறக்குறைய ஐந்து நொடி பின்தங்கியபடியே ஒத்துப்போயின.

கேஸ் கன்ட்ரோலருக்கு மட்டும் தனிக் கடிகாரம். அது சரியாகவே ஓடியது. தினமும் நான்கு மணிக்கு அது உலைக்குள் கேஸைத் திறந்து பற்றவைக்கும். அதற்கு ஒரு நிமிடம் முன்பே புளோயர் ஓடத் தொடங்கி, உள்ளே தேங்கிய கேஸை வெளியே தள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் பற்றவைத்ததும் உலை வெடிக்கும். முன்பு இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி இருந்தது. காற்று அடித்து முடிக்காமல் கேஸ் திறக்காது. கம்பி அறுந்தபோது, இரண்டுக்கும் நேரம் ஒன்றுதானே, இனி இது எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

அவளுடைய அண்ணனுக்கு உலையடியில்தான் வேலை. அவ்வளவு ஒல்லி என்பதால் அங்கே அவன் பெயர் தீக்குச்சி. இப்போதெல்லாம் காற்று அடிக்க ஆரம்பித்ததுமே கேஸ் வந்துவிடுகிறது என்று முந்தாநாள் சாப்பிடும்போது சொன்னான். உனக்கு வயசாகிறது, அதான் எல்லாம் வேகமாகத் தெரிகிறது என்று அவள் கேலி செய்தாள். சற்று முன் கை கழுவும்போதுதான் அது சுருக்கென்றது. ஓடிவந்து இரண்டு நேரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் ஐம்பத்தெட்டு நொடி. காற்று அடிக்க மிச்சம் இரண்டே நொடி.

கேஸை நிறுத்தும் கடவுச்சொல் மேலாளரிடம் மட்டுமே இருந்தது. மூன்று முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்காக இரண்டு நிமிடம். சூப்பர்வைசர் இப்போது சிரிக்கவில்லை. எழுந்து நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவள் உலையடிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். அண்ணன்தான்.

புளோயர் ஓடுகிறதா என்று கேட்டாள்.

"இன்னும் இல்லையே. மணி மூணு ஐம்பத்தொன்பது தாண்டிருச்சு. மிஷினுக்கும் சோம்பேறித்தனம் வந்துருச்சு போல. இரு, கிட்ட போய் என்னன்னு பாத்துட்டு வரேன்."

எதையும் கிட்டே போய்ப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படி. அவள் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"போகாத. ஒண்ணையும் பாக்க வேண்டாம். போனை அப்படியே போட்டுட்டு வெளிய ஓடி வந்துரு, அண்ணா."