கால் சுற்று

காலை ஆறு மணிக்கு மிஷின் ஓடத் தொடங்கியதும் சுபிதா ஸ்பானரை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

மத்தியாஸ் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இராஜாக்கமங்கலம் போகும் சாலையில் இருக்கும் அந்த வலைக் கம்பெனியில் நாலாம் நம்பர் மிஷினை இருபத்திரண்டு வருடமாக ஓட்டுபவர். இத்தனை வருடத்தில் அந்த ஸ்பானரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"என்ன மக்கா, எனக்க கையையும் வெட்டி உள்ள வச்சுப் பூட்டப் போறியா?"

வலையின் ஓரம் தைத்துக்கொண்டிருந்த விக்டோரியா வாய்விட்டுச் சிரித்தாள். சுபிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு மணி வரைக்கும்தான் அண்ணே," என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

மேனேஜர் தாணுலிங்கத்தின் சட்டைப்பையில் ஒரு காகிதம் இருந்தது. மத்தியாஸை வேலையிலிருந்து நிறுத்தும் உத்தரவு. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நாலாம் நம்பரில் ஓடிய வலை இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. கடலில் மீன் கனத்ததும் முடிச்சு நழுவி, கண்ணிகள் வாயைப் பிளந்துவிட்டன. 'அஜாக்கிரதை' என்று காகிதத்தில் இருந்தது. அந்த வார்த்தையை முந்தின நாள் சாயங்காலம் டைப் அடித்ததே சுபிதாதான்.

அடித்து முடித்துக் கொடுக்கும்போதுதான், தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாக, மேனேஜர் கேட்காமலேயே அவள் வாய் திறந்தாள்.

"சார், இது அஜாக்கிரதை இல்ல. அவரு கவனம் கூடிப்போச்சு, அதுதான்."

தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் இரண்டு வாரத் தாளை அவர்முன் விரித்தாள். அரை மணிக்கு ஒரு தடவை ஐந்து முடிச்சுகளை வெட்டி, ஒவ்வொன்றையும் கொக்கியில் மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் நழுவுகிறது என்று பார்த்து, ஐந்தின் சராசரியை ஒரு புள்ளியாக வைத்த தாள். நடுவில் 10 கிலோக் கோடு. மேலே 10.8இல் ஒரு சிவப்புக் கோடு, கீழே 9.2இல் ஒன்று. புள்ளிகள் இரண்டு கோடுகளையும் தாண்டித் தாண்டிக் குதித்திருந்தன. ஒவ்வொரு குதிப்புக்கும் முன்னால் பென்சிலில் ஒரு சின்னக் குறி இருந்தது. முடிச்சை இறுக்கும் நட்டை மத்தியாஸ் திருப்பிய நேரம் அது.

முடிச்சு கொஞ்சம் இளகலாகத் தெரிந்தால் அவர் கால் சுற்று இறுக்குவார். அடுத்தது இறுகி வரும், கால் சுற்று தளர்த்துவார். சும்மா ஓடும் மிஷினிலும் முடிச்சுக்கு முடிச்சு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அந்த இயல்பான வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் அவள் சிவப்புக் கோடுகளைப் போட்டிருந்தாள். அதற்குள் ஆடுகிற புள்ளியை அவர் துரத்தித் திருப்பத் திருப்ப ஆட்டம் இரட்டித்தது.

தாணுலிங்கத்துக்குப் பாதி புரிந்திருக்கும். "ஒரு ஷிப்டு தாரேன். ரெண்டு மணிக்கு நானே நூறு முடிச்சு எடுத்து இழுத்துப் பாப்பேன். ஒண்ணே ஒண்ணு எட்டு கிலோவுக்குக் கொறஞ்சாலும் கையெழுத்துதான். அவருகிட்ட இதச் சொல்லப்பிடாது, கேட்டியா? வெப்ராளத்துல மனுசன் எதையாம் போட்டு ஒடச்சிருவாரு."

அதனால்தான் இப்போது சாவி அவள் கையில் இருந்தது. கணக்கு தப்பினால் மத்தியாஸை அவளே வெளியே தள்ளியதாகிவிடும்.

ஆறரைக்கு 10.1. ஏழுக்கு 9.8. ஏழரைக்கு 10.3. எட்டு மணிப் புள்ளி 9.5இல் விழுந்தது.

மத்தியாஸ் வலையில் ஒரு முடிச்சைப் பெருவிரலால் நெருடினார். அவருடைய வலது கை தானாக இடுப்புப் பக்கம் போனது. ஸ்பானர் தொங்கும் இடம் வெறுமையாக இருந்தது.

"இளகுது, பிள்ளே."

"கோட்டுக்கு உள்ளதான் இருக்கு அண்ணே."

"கோடு நீ போட்டது. முடிச்சு நான் போடுகது."

"ஏட்டி சுபி, அவரு கையில ஒரு கரண்டியாவது குடுட்டி. சும்மா நிக்க முடியாம தவிக்காரு," என்றாள் விக்டோரியா.

"சவமே, நீ ஓரத்தத் தையி," என்றார் மத்தியாஸ். ஆனால் அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

எட்டரைக்கு 9.9. ஒன்பதுக்கு 10.4. வெளியே சாரல் விழுந்து தகரக் கூரை சடசடத்தது. மீன்பிடித் தடை முடிய ஒரு வாரம்தான் இருந்தது. வலைக்குக் காத்திருந்தவர்கள் தினமும் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒன்பதரைக்கு ஐந்து முடிச்சையும் இழுத்துக் கூட்டி வகுத்தாள். 9.3. நம்பாமல் மறுபடியும் கூட்டினாள். 9.3தான். புள்ளி சிவப்புக் கோட்டை உரசிக்கொண்டு உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்துத் தாணுலிங்கம் உள்ளே வந்தார். தாளைக் குனிந்து பார்த்தார்.

"என்ன பிள்ளே, விழப்போகுதே! ஸ்பானரக் குடு. அவரு ஒரு கால் சுத்து சுத்தட்டும்."

"வேண்டாம் சார்."

"என்னது?"

சுபிதாவின் காது சூடேறியது. பார்வை தரையில் இருந்தது. "உள்ளதான் இருக்கு சார். இப்போ திருப்பினா அடுத்தது மேல போகும். பொறவு அதுக்கு ஒரு திருப்பு. பழைய கதைதான்."

"நீ காலேஜுல பரீட்சை எழுதிப் பாஸானவ. இது மிஷின்." தாணுலிங்கத்தின் விரல்கள் சட்டைப்பையைத் தொட்டன. "நாளைக்கு இவருக்கு ஒரு கெடுதி வந்தா நீதான் பதில் சொல்லணும்."

மத்தியாஸ் நிமிர்ந்தார். "எனக்கு என்ன கெடுதி?"

மிஷின் தடதடவென்று முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே இருந்தது. மத்தியாஸ் மேனேஜரைப் பார்த்தார், பிறகு சுபிதாவின் மூடிய கையைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, மிஷினைவிட்டு இரண்டு எட்டுத் தள்ளிப் போய்க் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவ சொல்லட்டும் சாரே. பத்து மணி வரைக்கும் பாப்போம்."

அந்த அரை மணி நேரத்தில் சுபிதா கடிகாரத்தை எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. விக்டோரியா வெட்டிக் கொண்டுவந்த முதல் முடிச்சைக் கொக்கியில் மாட்டி இழுத்தாள். முள் ஏறியது. ஒன்பது தாண்டியது, பத்து தாண்டியது, பிறகுதான் முடிச்சு நழுவியது.

சராசரி 10.2. நட்டை யாரும் தொடவில்லை. புள்ளி தன்னால் மேலே வந்திருந்தது.

தாணுலிங்கம் ஆபீசுக்குப் போனார். மத்தியாஸ் தாளருகே வந்து 9.3ஐயும் 10.2ஐயும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் தொட்டிருந்தா?"

"பதினொண்ணு தாண்டியிருக்கும் அண்ணே."

"ம்," என்றார். போய் மிஷின் பக்கத்தில் நின்றார். கை பின்னாலேயே இருந்தது.

பத்தரைக்கு 9.9. பதினொன்றுக்கு 10.1. சுபிதா அன்றைக்கு முதல் தடவையாகத் தண்ணீர் குடித்தாள்.

பதினொன்றரைக்கு 8.7.

சிவப்புக் கோட்டுக்கு வெளியே. ஐந்தில் ஒரு முடிச்சு எட்டுக்கும் கீழே நழுவியிருந்தது. யோசிக்க ஒன்றும் இல்லை. எழுந்து ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அவளே அழுத்தினாள். மிஷின் நின்றதும் ஷெட்டில் சாரல் சத்தம் மட்டும் கேட்டது. தாணுலிங்கம் பாய்ந்து வந்தார்.

"எவன் நிறுத்துனது?"

"நான்தான் சார். கோட்டத் தாண்டிட்டு."

"தொடாத, தொடாதன்னு சொன்ன. இப்போ நிறுத்துக. ஒனக்கு ஒரு புத்தி கெடையாதா?"

"உள்ள இருந்தா தொடக்கூடாது. வெளிய போனா நிறுத்தணும். ரெண்டும் ஒரே கணக்குதான் சார்."

தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஸ்பானரை எடுத்து மத்தியாஸிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டு மிஷினுக்கு அடியில் குனிந்தார். நட்டில் ஸ்பானரைப் பொருத்தினார். இனி ஒரு கால் சுற்று. சுபிதா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். அவர் திருப்பவில்லை. அப்படியே குனிந்தபடி இருந்தார்.

"காலைல இருந்து இத நான் தொடல," என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "இது தன்னால திரும்பாது. பின்ன எது மாறிச்சு?"

ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். மிஷினைச் சுற்றி நடந்து, பின்பக்கத்தில் நூல் சுற்றிய பாபின்கள் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார். ஒரு நூலைப் பிடித்து விரலால் உருவினார். மூக்கருகே கொண்டுபோனார். விரலைச் சட்டையில் துடைத்தார். சட்டையில் கறை பட்டது.

"விக்டோரியா, புது நூல் பெட்டி எப்போ பொட்டிச்ச?"

"பதினொரு மணிக்கு. பழையது தீந்துட்டு இல்லா?"

"சாரே, இத ஒண்ணு தொட்டுப் பாரும். நூலுல எண்ணெய் அப்பிக் கெடக்கு. முடிச்சு எப்படி நிக்கும்? வழுக்கத்தான் செய்யும்." நூலைக் கீழே விட்டார். "எப்பவும்போல நான் திருப்பிக்கிட்டே இருந்திருந்தா, இது தெரிஞ்சிருக்கவே செய்யாது. ரெண்டு சுத்து இறுக்கிப்போட்டு ஓட்டிருப்பேன்."

புதுப் பெட்டியை ஒதுக்கிவிட்டு வேறு பெட்டி பாபின்களைப் பூட்டினார்கள். பதினொரு மணிக்குப் பிறகு ஓடிய வலையை வெட்டித் தனியே போட்டார்கள். விக்டோரியா அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். மிஷின் மறுபடி ஓடியது. பன்னிரண்டரைக்கு 10.0. ஒன்றுக்கு 9.7. ஒன்றரைக்கு 10.2.

இரண்டு மணிக்குத் தாணுலிங்கம் சொன்னபடியே வந்தார். நல்ல வலையில் அங்கங்கே கைபோன போக்கில் நூறு முடிச்சுகளை வெட்டி எடுத்தார். தானே கொக்கியில் மாட்டி இழுத்தார். சுபிதா எழுதினாள். எழுபத்தொன்றாவது முடிச்சு 8.2இல் நழுவியபோது பேனா ஒரு கணம் நின்றுவிட்டது. அதுதான் நூறிலும் குறைவு.

தாணுலிங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்த எண்ணெய்ப் பெட்டிக்க நம்பர் என்ன?" என்று கேட்டார். விக்டோரியா படித்துச் சொன்னாள். எழுதுவதற்குச் சட்டைப்பையில் கைவிட்டு, மடித்த காகிதத்தை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி நம்பரைக் குறித்துக்கொண்டார். முன்பக்கத்தில் தான் அடித்த எழுத்துகள் நிழலாகத் தெரிவதைச் சுபிதா பார்த்தாள்.

"அது என்ன காகிதம் சாரே?" என்றார் மத்தியாஸ்.

"ஒண்ணுமில்ல, வேய். நூல்காரனுக்கு ஒரு லெட்டர் போடணும்." தாணுலிங்கம் அதை நான்காகக் கிழித்தார். நம்பர் இருந்த துண்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, மற்றதைக் கீழே போட்டுவிட்டு நடந்தார்.

மத்தியாஸ் அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்தார். கிழிந்த துண்டுகளை எடுக்க விக்டோரியா குனிந்தாள். சுபிதா முந்திக்கொண்டு எடுத்துக் கைக்குள் கசக்கினாள்.

மத்தியாஸ் அந்தக் கையைப் பார்த்துவிட்டு மிஷின் பக்கம் திரும்பினார்.

அடுத்த ஷிப்டுக்கு சஜின் வந்தான். ஈரத் தலையை உதறிக்கொண்டே வலையில் ஒரு முடிச்சைத் தடவிப் பார்த்தான். தரையில் கிடந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு நட்டுப் பக்கம் குனிந்தான்.

"ஏலே, கைய எடு!" என்றார் மத்தியாஸ்.

சஜின் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "கொஞ்சம் இளகலா இருக்கு அண்ணே."

"எவ்வளவு இளகல்?"

"அது... கொஞ்சம்."

மத்தியாஸ் அவன் கையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கிச் சுபிதாவின் மேசைமேல் வைத்தார். சோற்றுப் பாத்திரத்தை எடுத்தார், ஆனால் வீட்டுக்குப் புறப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டரைப் புள்ளியப் பாத்துட்டுப் போறேன்," என்றார்.