ஏழு உதுமான்களும் ஒரு வரியும்

தாராவியில் எங்கள் கதவு எண்ணுக்குள் ஏழு உதுமான்கள்; நானும் ஒருவன். தலைமகனுக்குப் பாட்டனார் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். பாட்டனாருக்கு ஏழு மகன்கள். யாருக்கும் பிறந்த நாள் தெரியாததால், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஏழு பேருக்கும் ஒரே வருஷத்து ஜனவரி ஒன்றை எழுதிவிட்டார். ஒருமுறை ஓர் உதுமானுக்குத் தடுப்பூசி போட்டார்கள். ஏழு பேருக்கும் காய்ச்சல் வந்தது.

எங்கள் சந்துப் பெண் அஸ்ரின் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் தரவு அறிவியல் படிக்கிறாள். அறுபது வயது தாண்டியவர்கள் ஐம்பது பேராவது இருக்கும் சந்துக்கு மருத்துவ வேன் அனுப்புவதாக ஓர் அறக்கட்டளை சொல்லியிருந்தது. அந்தக் கணக்கை எடுப்பது அவள் வகுப்பின் வேலை. எங்கள் சந்தில் மாடி வீடுகளுக்குப் படி கிடையாது; ஒரு மாதம் வீடு வீடாக ஏணி ஏறினாள். அன்று மதியம் வந்து எங்கள் வாசலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சாச்சா, நாப்பத்துநாலுதான் வருது. பேரு, கதவு நம்பர், பொறந்த தேதி மூணும் ஒண்ணா இருக்கவும் டூப்ளிகேட்டுன்னு கம்ப்யூட்டர் தூக்கிருச்சு. ஏழு வரில ஒரு வரி, ஒரு ஆள்தான் மிச்சம்."

"அது யாரு, நானா?"

"விளையாடாதீங்க சாச்சா. சார் நம்ப மாட்டேங்காரு. அஞ்சு மணிக்கு லிஸ்ட் போகணும்."

அஸ்ரினோடு ஏழு பேரும் பஸ் ஏறிப் போனோம். கல்லூரியில் லிஃப்ட் ஓடவில்லை. மூன்றாவது மாடிக்கு உதுமான்களில் ஆறு பேர்தான் போய்ச் சேர்ந்தோம்.

பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் எங்களை எண்ணினார். "நாப்பத்தொன்பது ஆச்சு. ஏழாவது ஆள் எங்கே?"

"இந்தா வாரான்" என்று வெளியே போனேன். தொப்பியைக் கழற்றிப் பையில் போட்டு, முதுகைக் கூனிக்கொண்டு திரும்பி வந்தேன்.

"சார், இவரை முன்னாடியே எண்ணியாச்சு" என்றாள் அஸ்ரின். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "ஏழாவது ஆளு கீழ உக்காந்திருக்காரு. எளைப்பு. படி ஏற முடியாது. அவருக்குத்தான் சார் வேனே கேக்குறோம்."

பேராசிரியர் இறங்கிப் போனார். மூச்சு வாங்க ஏறி வந்து, "ஐம்பதுன்னு போடு" என்றார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "வேன் அவர் வீட்டு வாசலுக்கு வருமோ?"

"சந்துக்குள்ள சைக்கிளே வராது சார். மெயின் ரோடு வரைக்குந்தான்."

"அது வரைக்கும் எப்படி நடப்பார்?"

"இன்னைக்கு நாங்க மாறி மாறிக் கைத்தாங்கலாக் கூட்டியாந்தோம் சார்" என்றேன். அஸ்ரின் பட்டியலை அனுப்பிவிட்டு, பெயர்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டாள்: வீட்டிலிருந்து ரோட்டுக்கு எத்தனை அடி. அதை நிரப்ப அவள் மறுபடி ஒவ்வொரு ஏணியாக ஏற வேண்டும். நாங்கள் மூன்று மாடி இறங்க வேண்டும்.