சந்தனம் மூடிய கண்

மேனாம்பேட்டு மாடிகளில் ஈரத்துணிகள் காற்றில் அசைய, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் முற்பகல் வெயிலில் வெள்ளியென மின்ன, ஆயுத பூசை விடுமுறை கழிந்து, வாடிய சாமந்தி மணத்தோடு ஆலைகள் மீண்டும் முழங்கத் தொடங்கின. அவற்றுள் ஓர் ஆலையின் குளிர்ந்த சிற்றறையில், ஒளிரும் கண்காணிப்புத் திரைகளின் முன் அமர்ந்திருந்தான் எத்திராஜ். பிறர் செய்வதைப் பார்ப்பதே அவனுக்குத் தொழில். நம் தெருவார் அதனைக் கூலியின்றியே செய்துவருகிறார்கள் என்பது வேறு.

ஆயினும் சில நாள்களாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினாலன்றி இறங்காத அழுத்துப்பொறியில், வேலை விரையும் பொருட்டு, ஒரு பொத்தானில் மரத்துண்டைச் செருகிவைத்திருந்தான் மேற்பார்வையாளன் அழகேசன். தகடு வைக்கும் கெங்கம்மாளின் மறு கையோ, விழும் இரும்பின்கீழ் நுழைந்து நுழைந்து மீண்டது. கண்டவன் சொல்லலாமே என்பீர்கள். கண்ட குறையை அப்பிரிவின் மேற்பார்வையாளனிடமே உரைக்க வேண்டும் என்பது ஆலையின் அழகிய விதி. அவ்வழகேசனோ எத்திராஜின் மனைவிக்கு அண்ணன், இவ்வேலையையும் வாங்கித் தந்தவன்.

அன்று திரையை நோக்கியவன் திகைத்தான். பூசையில் பொறிக்கெல்லாம் பொட்டிட்டவர்கள், பக்தி மிகுந்து, அப்பொறியை நோக்கும் கண்காணிப்புக் கருவியின் கண்ணிலும் சந்தனத்தை அப்பியிருந்தார்கள்; சாமிக்கு இட்டதைத் துடைக்க எவரும் துணியவில்லை. காணாததற்கு யார் பொறுப்பு? எத்திராஜின் நெஞ்சு குளிர்ந்தது, தேநீரும் இனித்தது. ஆனால் காட்சி மறைய, ஓசை பெருகிற்று. சுவருக்கப்பால் பொறி விழுந்தபோதெல்லாம், அவள் கை உள்ளேயோ வெளியேயோ என்று இவன் விரல்கள் மடங்கின. திடீரென ஓசை நின்றது. எழுந்து ஓடினான்.

கெங்கம்மாள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பத்து விரல்களும் குவளையைச் சுற்றியிருந்தன.

"இன்னா மாப்ள, டிவி பாக்கறத உட்டு இங்க வந்துகினு கீற?" என்றான் அழகேசன்.

"அந்தக் கட்டைய எடு மச்சான்."

"உனுக்குத்தான் ஒண்ணும் தெரியலியே. சந்தனம் மூடிக்கினு கீதுல்ல?"

"அதான் பயமா கீது."

"வேல வாங்கிக் குட்த்தது யாருன்னு நெனப்பு கீதா?"

"கீது," என்ற எத்திராஜ், அனைவரும் பார்க்க, மரத்துண்டைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் இட்டான். பின் முக்காலியில் ஏறிக் கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்தான்.

அன்று மாலை அவன் வீட்டுச் சண்டையைக் கேட்க நம் தெருவே செவி நீட்டியிருந்தது. ஒரு குரலும் எழவில்லை. அடுத்த மாத ஊதியம் அவனுக்கு உண்டோ இல்லையோ, யாரறிவார்? ஆயிரம் கண்களைச் சுவரெங்கும் பதித்தாலும், கண்டதைச் சொல்ல எழுந்து நடக்கும் கால்கள் இல்லையேல், அவை பொட்டிட்ட வெறுங்கல்லே அன்றோ!