வெள்ளிக்கிழமை உப்பு

சோப்பு நுரைக்கவில்லை. வடிவு இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தாள். திரிந்த பால்போல வெள்ளைத் திப்பிகள் உள்ளங்கையில் ஒட்டின. நான்கு வயது இந்துஜா குளியலறைத் தரையில் நின்று முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டிருந்தாள். காலையில் காய்ந்திருந்த புண் திறந்து ரத்தம் மணிக்கட்டு வரை இறங்கியிருந்தது. வடிவு குழாயை மூடினாள். இந்தத் தண்ணீரை அதன்மேல் ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை. குடிக்கிற கேனில் மிச்சமிருந்ததை மத்தியானமே ஊற்றித் தீர்த்தாயிற்று. கேன்காரன் போனை எடுக்கவில்லை. வாசல் கடையிலும் தண்ணீர் தீர்ந்திருந்தது. புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரியில்தான் சேர்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தொட்டுப் பார்த்தபோது பிள்ளையின் நெற்றி லேசாகச் சுட்டது. புருஷன் துணை ராணுவத்தில், சிக்னல் கிடைக்காத ஏதோ மலையில் இருந்தான்.

தில்லி துவாரகாவில் அந்தத் தமிழர் குடியிருப்பில் தண்ணீர் கடினமானது என்று பல வருஷங்களாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை. மத்திய அமைச்சகம் ஒன்றில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்று, குடியிருப்புக்குச் செக்ரெட்டரியாகிவிட்ட சேஷன், கூட்டம்தோறும் அதைத் தாதுச்சத்து என்றே குறிப்பிட்டுவந்தார். ஃப்ளாட் வாங்க வந்த ஒருவர் குழாயில் பூத்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் காபியைக்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார். அது சேஷன் விற்க நினைத்திருந்த ஃப்ளாட். அடுத்த கூட்டத்திலேயே தாதுச்சத்து தேசியப் பிரச்சினையாகிவிட்டது.

தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வந்தது. அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். சேஷன் பெயரைத் தங்க எழுத்தில் பொறித்த பளிங்குக்கல் மெஷினைவிடச் சற்று உயரம். அவ்வப்போது ஒரு மூட்டை உப்பைக் கொட்டினால்தான் மெஷின் சுண்ணாம்பைப் பிடிக்கும் என்று அவர் மைக்கில் நெடுநேரம் விளக்கினார். திருட்டுப் பயத்தால் உப்பு மூட்டைகளைத் தன் பால்கனியிலேயே அடுக்கி, மெஷின் அறைச் சாவியையும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்தச் சில வாரங்கள் இந்துஜா இரவு முழுக்கத் தூங்கினாள்.

மெஷினில் உப்பு தீர்ந்து, இன்று உப்பு போடும் ஆள் வந்தபோது சேஷன் தம்பதி மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போயிருந்தார்கள். காத்திருந்து பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னான்.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வடிவு சேஷன் வீட்டுக்கு ஏறினாள். கதவைத் திறந்தது அவர் மனைவி வத்சலா. உள்ளே விளக்கு எரிந்தது.

"மாமி, பிள்ள சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமா வருது. ஒரு மூட உப்பு தாங்க. நானே தூக்கிட்டுப் போயி மெஷின்ல போட்டுருதேன்."

வத்சலாவின் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "ஐயோ பாவம். ஆனா வெள்ளிக்கிழமையும் அதுவுமா, விளக்கேத்தியாச்சேடி. சர்க்கரை கேளு, தரேன். உப்பை எப்படி வெளில குடுப்பேன்?"

"இது சாப்பிடுத உப்பு இல்லல்லா மாமி. மெஷினுக்குத்தானே."

"அது லக்ஷ்மிக்குத் தெரியுமா?"

வடிவுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவளும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் யாருக்கும் உப்பு கொடுத்ததில்லை. யாராவது கேட்டால் தீர்ந்துபோச்சு என்றுதான் சொல்வாள். மாமியின் இடத்தில் தான் இருந்தாலும் இதே வாசலில் இப்படியே நின்றிருப்போம் என்று தோன்றியது.

"சும்மா தராண்டாம் மாமி. ரூவா தாரேன், வித்துருங்க."

உள்ளே செய்தித்தாள் இறங்கியது. "சொசைட்டி ப்ராப்பர்ட்டிம்மா," என்றார் சேஷன். "டெண்டர் இல்லாம ஒரு செக்ரெட்டரி விக்க முடியுமோ? நாளைக்குக் காலம்பற ஃபர்ஸ்ட் ப்ரயாரிட்டி. அதுவரைக்கும் குழந்தைக்கு ஏதாவது கார்ட்டூன் போட்டு டைவர்ட் பண்ணு."

கதவு மெதுவாக, மரியாதையோடு மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை உப்பு வாங்குவதில் தோஷமில்லை, கொடுப்பதில்தான். வடிவு வாசல் கடைக்கு ஓடினாள். கடையில் இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் எடுக்கச் சொன்னாள். கடைக்காரர் சிரித்தார். "க்யா பாபி, ஊறுகாய் ஃபேக்டரியா?"

இரண்டு பைகளோடு மெஷின் அறைக்கு வந்தபிறகுதான் சாவியைக் கேட்க மறந்தது நினைவு வந்தது. கம்பிக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை. வடிவு மறுபடி மேலே ஓடி மணியை அழுத்தினாள். உள்ளே சேஷன் சகஸ்ரநாமத்தை மைக் இல்லாமலே மைக்கில்போல முழங்கிக்கொண்டிருந்தார். மணி அவருக்குக் கேட்கவில்லை போலும். அல்லது கேட்டிருக்கும்.

கீழே வந்தாள். உப்புத் தொட்டியின் மூடி அரைகுறையாகத் திறந்திருப்பது கம்பி வழியே தெரிந்தது. எட்டிவிடும் தூரம்போல இருந்தது, எட்டவில்லை. பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, கையைத் தோள்வரை உள்ளே நுழைத்து, பிடி பிடியாக வீசினாள். பாத்திரம் தேய்த்து வெடித்த விரல்களில் உப்பு தீயாக எரிந்தது. தொட்டிக்குள் கொஞ்சம் விழுந்தது. மிச்சம் தரையில் சிதறியது.

"ரெஹ்னே தோ, தீதி," என்று விட்டுவிடச் சொன்னான் வாட்ச்மேன்.

மேலே பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து பிள்ளை அழும் சத்தம் வந்தது. அழுது ஓய்ந்த தொண்டை அது. வடிவு அடுத்த பாக்கெட்டைக் கடித்தாள். பளிங்குக்கல்லின் அடியில், காய்ந்த குங்குமத்தின்மேல், உப்பு வெள்ளையாகக் குவிந்துகொண்டிருந்தது.